கோவளத்தில் தவறிய ஒரு ஃபிரேம்

1. பம்மலில் மஞ்சள் தண்ணி

கேமராவைத் தொட வந்தவள் அல்ல நான். தாம்பரம் மார்க்கெட் பக்கம் கரீம் பாய் வைத்திருந்த ஸ்டூடியோவில் டச்சிங் வேலைக்குச் சேர்ந்தேன். கூர் சீவிய பென்சிலோடு உட்கார்ந்து, நெகட்டிவிலேயே முகப்பருவையும் தழும்பையும் மறைக்க வேண்டும். எண்பதுகளின் தொடக்கம் அது.

ஒருநாள் பம்மலில் மஞ்சள் நீராட்டு விழாவுக்குப் போன பாய், போன வேகத்தில் திரும்பி வந்தார். பெண்ணுக்கு மஞ்சள் தண்ணி ஊற்றும் இடத்தில் ஆம்பளைக்கு என்ன வேலை என்று அத்தைமார்கள் துரத்திவிட்டார்களாம்.

"பேஜாராப் பூட்சும்மா வசந்தா. நீ போ. ஃபோகஸ் நான் வெச்சுத் தரேன், எட்டடி தள்ளி நின்னு அமுக்கு. இதுல இன்னா கீது?"

நிறையவே இருந்தது. லென்ஸில் தண்ணி தெறித்து நாலு படம் வீண். மீதி நன்றாக வந்தன. அதிலிருந்து தண்ணி சம்பந்தப்பட்ட வேலை எல்லாம் என் தலையில்தான். காலை நீட்டி உட்கார்ந்து குழந்தையைக் குளிப்பாட்டும் அம்மாக்கள், கூடுவாஞ்சேரி பக்கம் பம்ப்செட்டில் ஆட்டம் போட்ட அண்ணன் தம்பிகள், மழைத் தண்ணி முழங்காலுக்கு நின்ற வாசலில் "எங்க வீட்டையும் சேர்த்து எடுங்கக்கா" என்று சிரித்த குடும்பம். நான் சந்தோஷமாகச் செய்த வேலை அது.

பாய் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. "உன் தல நனையட்டும், கேமரா நனையக் கூடாது. உப்புத் தண்ணி பட்டுச்சுன்னு வெச்சுக்கோ, பேரீச்சம்பழத்துக்குத்தான் போடணும்."

2. சாலமன் சார் முங்கிய நாள்

மெர்ஸி டீச்சர் சேலையூரில் இருந்தார். அவர் கணவர் சாலமன் சாருக்கு ரயில்வேயில் வேலை. சின்ன வயதில் ஏரியில் மூழ்கிப் பிழைத்தவர். தண்ணி என்றாலே நடுங்குவார். ஆனால் அவர்கள் சபையில் ஞானஸ்நானம் என்றால் முழுசாக முங்கி எழ வேண்டும். கல்யாணமாகி இருபது வருஷமாக டீச்சர் இதற்காக ஜெபித்தார். சார் இருபது வருஷமாக "அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றார். ஒருநாள் எப்படியோ சரி என்று தலையாட்டிவிட்டார். கோவளம் கடலில் என்று முடிவாயிற்று.

டீச்சர் ஸ்டூடியோவுக்கே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "வசந்தா, மத்த போட்டோ எப்படி வேணா வரட்டும். இவர் முங்குற அந்த ஒரு போட்டோ எனக்குக் கண்டிப்பா வேணும். எங்க சொந்தத்துல ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. ப்ரூஃப் வேணும்மா."

"கவலைய விடுங்க டீச்சர்," என்றேன். வாய்க்கொழுப்பு.

கோவளத்தில் காலை வேளை. படகுகள் கரையேறி மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. வெள்ளைச் சட்டை, வேட்டியில் சார் பாஸ்டரின் கையை இறுக்கிப் பிடித்தபடி இறங்கினார்.

"பாஸ்டர், ரொம்ப ஆழம் வேணாம்."

கூடையோடு நின்ற மீன்கார அம்மா சும்மா இருப்பாரா? "இன்னா சார், ஒரு முங்குக்கா இம்மாம் பயம்?" என்றார். சார் உட்பட எல்லோரும் சிரித்துவிட்டோம்.

நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தொடையளவு தண்ணியில், அலை உடையும் இடத்தில் நின்றேன். பாஸ்டரும் சாரும் என்னைத் தாண்டி, கடல் பக்கம் நின்றார்கள். ஃபோகஸ் வைத்தாயிற்று. பாஸ்டர் சாரின் தலையில் கை வைத்தார். அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய அலை என்னைப் பார்த்து வந்தது. பாயின் சட்டம் எலும்பில் ஊறியிருந்தது. கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, இரண்டு கையாலும் கேமராவைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டேன்.

அலை என்னைத் தாண்டிப் போனது. கண்ணைத் திறந்தால் எதிரே கரை. ஈர மணலில் மெர்ஸி டீச்சர். துண்டை இரண்டு கையிலும் விரித்துப் பிடித்து, வாய் திறந்தபடி, மூச்சுகூட விடாமல் கடலையே பார்த்துக்கொண்டு நின்றார். கை தானாகக் கேமராவை இறக்கி அமுக்கியது. திரும்பினேன். சார் முங்கி எழுந்து இருமிக்கொண்டிருந்தார்.

3. லேபிலிருந்து வந்த கவர்

முங்குற படம் தவறிப்போனதை யாரிடமும் சொல்லவில்லை. கலர் ரோல் என்பதால் சிட்டி லேபுக்குப் போய் வர மூன்று நாள் ஆகும்.

கணவனும் மனைவியுமாக வந்தார்கள். டீச்சர் படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். மறுபடி முதலிலிருந்து புரட்டினார்.

"முங்குற போட்டோ எங்கம்மா?"

"இல்ல டீச்சர். அலை வந்துச்சு, கேமராவத் தூக்கிட்டேன். விட்டுட்டேன். தப்பு என்னோடதுதான்."

அவர் திட்டியிருந்தால் தேவலை. "இருபது வருஷம்மா," என்றார். கண் கலங்கிவிட்டது. எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

பாய் குறுக்கே வந்தார். "டீச்சர், வருத்தப்படாதீங்க. வர ஞாயித்துக்கெயம கோவளம் போலாம். சார் இன்னொரு முங்கு போடட்டும், நானே எடுக்கறேன்."

"ஞானஸ்நானம் ஒரு தடவைதான் பாய்," என்றார் டீச்சர்.

சாலமன் சார் இதெதையும் கேட்கவில்லை. ஒரு படத்தைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். துண்டோடு டீச்சர் நின்ற படம்.

"இது எப்ப எடுத்தது?"

"நீங்க தண்ணிக்குள்ள இருந்தப்ப சார்."

"நான் கண்ண இறுக்க மூடிட்டிருந்தேன்," என்றார் மெதுவாக. "இவ இப்படி நின்னது எனக்குத் தெரியவே தெரியாதே."

டீச்சர் எட்டிப் பார்த்தார். "ஐயோ, தலையெல்லாம் கலைஞ்சு பேய் மாதிரி இருக்கேன். கிழிச்சுப் போடுங்க."

"ப்ரூஃப் கேட்டியே மெர்ஸி? இந்த மூஞ்சியப் பாத்தா எவனும் நம்புவான், நான் முங்கிட்டேன்னு." பிறகு என்னைப் பார்த்து, "இதையே பெருசு பண்ணிக் குடும்மா. ஹால்ல மாட்டணும்," என்றார்.

டீச்சர் சாரின் தோளில் ஒரு அடி போட்டார். அழுதுகொண்டே சிரித்தார்.

அதற்குப் பிறகு எந்தத் தண்ணி வேலைக்குப் போனாலும், கரையில் நிற்பவருக்கென்று ரோலில் இரண்டு ஃபிரேம் ஒதுக்கிவிடுவேன். புதிதாகக் கேமரா பிடிப்பவர்களுக்கும் அதையே சொல்கிறேன். முங்குபவரை ஊரே பார்க்கும். துண்டு பிடித்து நிற்பவரை நாம்தான் பார்க்க வேண்டும். ஆனால் அலை வந்தால் முதலில் கேமராவைத் தூக்குங்கள். இல்லாவிட்டால் பேரீச்சம்பழம்தான்.