ஆனந்தராசாவின் மூன்று நிமிடம்

ஜேர்மனியின் டோர்ட்மண்டில் தமிழ்க் கலியாணம் என்றால், தாலி கட்டி முடிந்து பந்திக்கு முன்னால் ஆனந்தராசா ஒலிவாங்கியைப் பிடித்துவிடுவார். தொழிலில் அவர் நகரப் பேருந்து ஓட்டுநர். ஓட்டுநரோடு பேச வேண்டாம் என்று பேருந்தில் எழுதி ஒட்டியிருப்பதால், கிழமை முழுதும் உள்ளே சேர்ந்த பேச்செல்லாம் சனிக்கிழமை மண்டபத்தில்தான் வெளியே வரும். மணமகளை மலர் என்பார், மதி என்பார், மணி என்றும் சொன்னால்தான் அவருக்கு வசனம் முடிந்த மாதிரி இருக்கும்.

அதற்கெல்லாம் முன்னால் விளிப்பு இருக்கிறது. மாமன்மார், சித்தப்பாமார், கனடாவிலிருந்து வந்தவர்கள், படம் பிடிக்கிறவர் என்று ஒருவர் பெயரும் விடுபடாது. விடுபட்டால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். பெண் பெரியவளானதைக் கொண்டாடிய ஒரு சாமத்திய வீட்டில் அவளுடைய பெரியப்பாவை மறந்துவிட்டார். அந்த மனிதர் இன்றுவரை ஆனந்தராசாவின் பேருந்தில் ஏறுவதில்லை. மழையில் நனைந்துகொண்டு நின்று அடுத்ததில் வருவார்.

"சோறு ஆறிப்போறதே உங்கட வாயாலதான்" என்பாள் மனைவி வேதவல்லி. அதையும் அவர் பாராட்டாகவே எடுத்துக்கொள்வார்.

இப்படிப்பட்டவருக்கு இந்த ஆண்டு மூன்றே நிமிடம் கொடுத்தார்கள்.

விஷயம் புடலங்காய். ரயில் பாதையோரம் தோட்டச் சங்கத்தின் சிறு தோட்டங்களில் ஒன்றை அவர் குத்தகைக்கு வைத்திருந்தார். போன கோடையில் அங்கே போட்ட புடலம்பந்தல் சங்க விதியைத் தாண்டி உயர்ந்துவிட்டது. பக்கத்துத் தோட்டக்காரர் வீடமான் முறைப்பாடு கொடுத்தார். குத்தகையை முடித்துவிடுவதா இல்லையா என்று ஆண்டுக் கூட்டத்தில் வாக்கெடுப்பு. அதற்குமுன் ஆனந்தராசா தன் பக்கத்தைச் சொல்லலாம். இந்தத் தோட்டம் போனால் இன்னொன்று கிடைக்காது. காத்திருப்பவர்கள் அவ்வளவு பேர். மூன்று நிமிடமோ அவர் தொண்டையைச் செருமுவதற்கே சரி.

மகள் கம்சனா பல்கலைக்கழகத்தில் பழைய கிரேக்கம் படிக்கிறாள். அதனால் வீட்டுக்கு ஒரு பயன் வரும் என்று யாரும் நினைத்திருக்கவில்லை.

"ஏதென்ஸிலயும் இப்பிடித்தான் அப்பா. வழக்கு எண்டா அவரவர்தான் எழும்பிக் கதைக்கோணும். ஓட்டைப் பானையில தண்ணி ஓடும். தண்ணி முடிஞ்சா பேச்சும் முடிஞ்சுது."

"பானையைப் பெரிசாச் செய்யச் சொல்லி ஒருத்தரும் கேக்கேல்லையோ?"

"கேட்டிருப்பினம், உங்களை மாதிரி ஆக்கள். கதைக்கத் தெரியாதவைக்குக் காசுக்கு எழுதிக் குடுக்கவும் ஆக்கள் இருந்தவை. செருப்புத் தைக்கிறவருக்கு எழுதினா, அவர் கதைக்கிற மாதிரியே இருக்கும். வேற ஆள் எழுதினது எண்டு தெரியாது. அதுதான் கெட்டித்தனம்."

"எனக்குக் கதைக்கத் தெரியும்."

"ஓம். அதுதான் பயமா இருக்கு."

அவள் ஜேர்மன் மொழியில் அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தாள். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எதுகை இல்லை, மோனை இல்லை. இதில நான் எங்க இருக்கிறன்?"

"பஸ்ஸில மைக்கில இப்பிடித்தானே சொல்லுறனீங்கள். கதவடியில நிக்காதேங்கோ, நன்றி. எல்லாரும் கேக்கினம்தானே."

"ஒரு உவமையாவது..."

"ஏதென்ஸிலயும் ஒரு கூட்டம் இருந்தது. வசனத்தை ரெண்டு ரெண்டா அடுக்கி, ஒரே ஓசையில கொண்டுவந்து முடிப்பினம். முதல்ல ஊரே வாயைப் பிளந்து கேட்டது. பிறகு பகிடி பண்ணத் தொடங்கிட்டுது."

"முதல்ல கேட்டதுதானே" என்றார் அவர்.

இருந்தாலும் அரைப் பக்கத்தை மனப்பாடம் செய்தார். விளிப்பில்லாமல் பேச்சைத் தொடங்கத் தனக்கு ஏலாது என்பதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.

கூட்டத்தன்று சங்கத் தலைவி மேசையில் மணியும், நேரம் பார்க்கக் கைத்தொலைபேசியும் வைத்திருந்தார். கம்சனா கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். ஆனந்தராசா எழுந்து, தலைவியை மதிப்புக்குரிய என்றார், துணைத்தலைவரைப் பெருமைக்குரிய என்றார். பொருளாளர், தண்ணீர் மானி பார்க்கிறவர், கிளை அரைக்கும் இயந்திரத்துக்குப் பொறுப்பானவர், கோடை விழாவுக்குப் பிளம்ஸ் கேக் சுடும் தம்பதி என ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி, ஒவ்வொருவருக்கும் ஓர் அடைமொழி கொடுத்தார். முதலில் சபையில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். தண்ணீர் மானிக்காரர் சட்டைக் கழுத்தைச் சரிசெய்தார். கம்சனா தரையைப் பார்த்தாள். பானையில் தண்ணீர் எவ்வளவு மிச்சம் என்று அவளுக்குத் தெரியும்.

வீடமானை அவர் கடைசிக்கு வைத்திருந்தார். முக்கியமானவரை முடிவில் விளித்தால்தான் கைதட்டு விழும். வாயைத் திறந்தார். மணி அடித்தது.

"நேரம் முடிந்துவிட்டது" என்றார் தலைவி.

ஆனந்தராசாவுக்குத் தோட்டம் மறந்துபோயிற்று. சபையிலே ஒருவர் மட்டும் விடுபட்டுவிட்டார், அதுவும் முறைப்பாடு கொடுத்தவர். மழையில் நிற்கும் பெரியப்பா கண்முன் வந்தார்.

வீடமான் எழுந்தார். "எல்லோரையும் சொன்னார், என்னைத் தவிர" என்றார் தலைவியிடம். "எனக்கும் மூன்று நிமிடம் உண்டுதானே? அதை அவருக்கே கொடுங்கள். எனக்கு என்ன வைத்திருக்கிறார் என்று கேட்க வேண்டும்."

அவருக்கென்று ஆனந்தராசா ஒரு சூரியகாந்தி உவமை வைத்திருந்தார். அந்த மனிதர் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு நின்றபோது அது வரவில்லை. வந்தது கம்சனாவின் அரைப் பக்கம்.

"ஹெர் வீடமான், பந்தலை உங்களிடம் கேட்காமல் போட்டேன். காய் எவ்வளவு நீளம் என்று மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். நிழல் எங்கே விழுகிறது என்று பார்க்கவில்லை. உங்கள் தக்காளி பழுக்கவில்லை. பந்தலைத் தாழ்த்திக் கட்டுகிறேன். தோட்டத்தை விட்டுவிட எனக்கு மனமில்லை."

உட்கார்ந்துவிட்டார். கொடுத்த நேரத்தில் பெரும்பகுதி அப்படியே கிடந்தது. வாக்கெடுப்பில் குத்தகையை முடிக்கச் சொல்லி எழுந்த கைகள் மிகக் குறைவு. வீடமானின் கை கோப்பிக் கோப்பையிலேயே இருந்தது.

"வேலை செய்தது எது? என்ர விளிப்போ, உன்ர பேப்பரோ?" என்று வாசலில் கேட்டார்.

"ஏதென்ஸில எண்டா முதல் பானையோட உங்களை அனுப்பியிருப்பினம்" என்றாள் கம்சனா.

அடுத்த சனிக்கிழமை பந்தல் கம்புகளை அறுத்துக்கொண்டிருந்தபோது வீடமான் வேலிக்கு வந்தார். அன்று சொல்லாமல் விட்டது என்ன என்று கேட்டார். ஆனந்தராசா மரம் அறுக்கும் வாளைக் கீழே வைத்து, தொண்டையைச் செருமி, சூரியகாந்தியை முழுவதுமாகச் சொன்னார்.

வீடமான் கடைசிவரை கேட்டார்.

"அன்று நேரம் போதாமல் போனது நல்லது" என்று சொல்லிவிட்டு, கம்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.