சாவுன்னு சொல்லாமப் பேசணுமாம்!

துக்கத்தைப் பத்தி மைக் பிடிச்சுப் பேசுதது என் வேலை. கைதட்டலாமா கூடாதான்னு கூட்டம் முழிக்கிற தொழில் இது ஒண்ணுதான். என் மகன் இசக்கி பம்பாய் லோக்கல் ரயில்லேர்ந்து விழுந்து போனான். அன்னையிலேர்ந்து அவன் பேரை எவரும் சொல்லுததில்ல. எங்க வீட்டுக்காரர்கூட "அவன்"னுதான் சொல்லுவாரு. பிள்ளை போனதே போதும், பேருமா போகணும்? விட மாட்டேன்னுதான் மேடை ஏறினேன். உங்க வீட்டுச் சுவர்லயும் மாலை போட்ட படம் இருந்தா, என் எரிச்சல் உங்களுக்குப் புரியும்.

கேசரியும் நானும்

மாட்டுங்கால ஒரு சங்கத்துல கூப்பிட்டாவ. செயலாளர் மேடைக்குப் பின்னால வந்து, "சாவு, மரணம்லாம் வேண்டாம் மேடம், பாசிட்டிவா பேசுங்கோ"ன்னாரு. பிரசவத்தைப் பத்திப் பேசு, பிள்ளையைப் பத்திப் பேசாதேங்கற கதை! வணக்கம் சொன்ன கையோட, "என் மகன் இசக்கி செத்துப்போனான்"னுதான் ஆரம்பிச்சேன். முன்வரிசைல ரெண்டு பேர் கண்ணைத் துடைச்சாவ. செயலாளர் மட்டும் இறங்கும்போது கையைப் பிசைஞ்சாரு.

"என்ன மேடம் இது, கேசரி வேற பண்ணியிருக்கோமே!"

சொல்லாமப் போனவ

தாராவில மகளிர் குழு. எல்லாம் நம்ம திருநவேலிப் பக்கத்து ஆளுவ. நல்லாக் கேட்டாவ, நல்லா அழுதாவ. முடிஞ்சதும் ஒருத்திகூட "வாரேன்" சொல்லலை! சாவு வீட்லேர்ந்து கிளம்புத மாதிரி, குனிஞ்ச தலையோட வரிசையா நழுவுதாவ. எனக்குப் பொத்துக்கிட்டு வந்துச்சு. வாசலை மறிச்சு நின்னு, "இங்க என்ன பொணமா கிடக்கு? வாரேன்னு சொல்லிட்டுப் போங்கட்டி"ன்னேன். முன்னால நின்னவ நெளிஞ்சா.

"கோவப்படாதீய அக்கா, குழாய்ல தண்ணி வார நேரம், குளிச்சிட்டு வந்து சொல்லுதேன்!"

ரிப்பேர் வேலை

மாஹிம்ல ஒரு ஆபீஸ். அப்பாவைப் பறிகொடுத்த பொண்ணு ஒண்ணு சீட்ல உக்காந்து அழுதாளாம். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "இன்னைக்கே சரி பண்ணிடுங்க"ன்னாரு, ஏதோ ஏசி ரிப்பேருக்கு வந்தவகிட்ட சொல்லுத மாதிரி. எனக்கே இன்னும் சரியாகலை, சரியாகாமயே சோறு பொங்குதேன், ரயில் ஏறுதேன்னு அவர் காதுபடவே அந்தப் பொண்ணுகிட்ட சொன்னேன். அவ மூக்கை உறிஞ்சிக்கிட்டே கேட்டா.

"அப்போ அடுத்த வாரமும் அழலாமா ஆன்ட்டி?"

கடைசி வரிசை

போன மழைக்கு செம்பூர் திலக் நகர்ல பேச்சு. எங்க வீட்டுக்காரர் என் கூட்டத்துக்கு வந்ததே கிடையாது. "ஊரைக் கூட்டி அழுதா வந்துருவானா?"ன்னு கேப்பாரு, அப்பவும் பேர் வாயில வராது. அன்னைக்கு மழை பேயாக் கொட்டவும், குடையோட என்னைக் கூட்டிப்போக வந்து கடைசி வரிசைல நின்னாரு. நான் கவனிக்கலை. "என் இசக்கிக்கு நான் வைக்கிற பாவக்காக் குழம்புன்னா உசுரு, தட்டை வழிச்சு நக்குவான்"னு உருகிக்கிட்டிருந்தேன். பின்னாலேர்ந்து ஒரு சத்தம். மொத்தக் கூட்டமும் திரும்பிப் பாக்குது. மனுசன் கண்ணுல தண்ணி, கையில சொட்டுத குடை.

"ஏளா, பொய் சொல்லாத! இசக்கிக்குப் பாவக்கா ஆகவே ஆகாது, ஒனக்குப் பயந்து அவன் தட்டை நான்லா காலி பண்ணுவேன்!"

நாலு பேர் முன்னால பொய்க்காரின்னு பேர் வாங்கிட்டு இம்புட்டு சந்தோசமா மேடையை விட்டு இறங்கினவ, பம்பாய்ல நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.