ஒரு சொட்டும் ஒழுகாத குழாய்

மலேசியாவின் குலிம் தொழிற்பேட்டையில் நோயாளிகளுக்குப் பொருத்தும் சிறுநீர்க் குழாய் செய்யும் எங்கள் ஆலையின் வடிவமைப்பாளர் தியோ பூன் கியாட். அதற்கு முன் அவர் தண்ணீர்க் குழாய்களுக்கு வாஷர் செய்தவர். ஒழுகினால் இறுக்கு, அவர் கற்ற வேதம் அவ்வளவுதான்.

குழாயைச் சிறுநீர்ப்பைக்குள் பிடித்து நிறுத்தும் தண்ணீர் பலூனை இரண்டு மடங்கு பெரிதாக்கினார். பிளாஸ்டிக் பையில் சோதித்தோம். சொட்டுக்கூட ஒழுகவில்லை.

"உள்ள சதை புண்ணாயிடாதா, பாஸ்?" என்றேன்.

"இந்தப் பை ஒருவாட்டியாவது கத்துச்சா லா?"

ஆலை வாசல் டத்தோ கோங் சாமிக்கு வெற்றிலை வைத்துவிட்டு, குழாய்களை ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பினார்.

போன மாதம் பிராஸ்டேட் வீங்கி மேதையே படுத்துவிட்டார். பார்க்கப் போனேன். அவருடைய சாதனையை அவருக்கே பொருத்தியிருந்தார்கள். ஒழுகல் சுத்தமாக இல்லை. மனிதர்தான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நெளிந்தார்.

"மிஸ்ஸி, பலூன் தண்ணியப் பாதி எடுத்துடு! ஒழுகினா ஒழுகட்டும் லா!"

அவர் யாரென்று அறியாத நர்ஸ் நோராஷிகின் சிரித்தாள்.

"இதைப் போட்ட எல்லாரும் இதைத்தான் கேக்குறாங்க, அங்கிள். செஞ்சவனுக்கும் சொல்லி அனுப்பினோம். பிளாஸ்டிக் பை கத்தலையேன்னு பதில் சொல்றான், மடையன்."