கரண்டு போன நேரத்துக் காது

அஸ்தம்பட்டிக் கடையில், வெளிச்சத்தத்தை அடக்கும் சின்ன இயர்போன்களைக் காதில் வைத்து அழுத்தியதும், ஏற்காடு ரோட்டின் இரைச்சல் சட்டென்று அறுந்தது. கடைக்காரரின் உதடு மட்டும் அசைந்தது. பதறிக் கழற்றிவிட்டேன். அந்த அமைதியை எனக்குத் தெரியும். எடப்பாடித் தறிப்பட்டறையில் கரண்டு போனால் இப்படித்தான் இருக்கும்.

சில வருடங்களுக்கு முன் அங்கே நானும் தறி ஓட்டினேன். சத்தத்துக்குள் கத்தியே பேசிப் பழகியவர்கள் நாங்கள். தறி நின்றாலும் குரல் இறங்காது. "எங்கூட்டுக்காரரு, நீ பேசு, நான் பக்கத்தூட்ல உக்காந்து கேட்டுக்கறேங்கறாரு" என்று சிரிப்பார் பக்கத்துத் தறி அக்கா.

ஒருநாள் ஓடுகிற தறியிலிருந்து, ஊடை நூலோடு குறுக்கே பாயும் கட்டையான நாடா தெறித்து, எங்களோடு வேலை செய்தவருக்கு ஒரு கண் போயிற்று. வண்டியிலிருந்து விழுந்தார் என்று முதலாளி எழுதிக் கொடுத்துவிட்டார். விசாரிக்க அதிகாரி வருவதாக இருந்தது. அதற்கு முந்தின நாள் மத்தியானம் கரண்டு போனது. நான்தான் கேட்டேன், அதே கத்தலில்.

"நீங்க கண்ணால பாத்தீங்கல்லங்க்கா?"

"என்ற தறிக்கு எதுத்தாப்புல நடந்ததுங் தம்பி. நாளைக்கு ஆபீசருகிட்டச் சொல்லிப்போடுவேன். அந்தாளு கொழந்தைகளுக்கு ஏதாச்சும் கெடைக்கட்டும்."

தலைக்கு மேலே கேமரா, பேட்டரியில் விழித்திருந்தது. துணி திருடு போகாமல் இருக்க மாட்டியது. அது பார்க்கும் என்று தெரியும். கேட்கும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. தறி ஓடும்போது செவிடாக இருந்ததற்கு, நின்றதும் காது திறந்துவிட்டது.

காலையில் முதலாளி கதவருகே தன் போனை நீட்டினார். முதலில் என் கேள்வி. பிறகு அக்காவின் பதில்.

"நீங்க ஊட்டுக்குப் போங்கம்மா, இனி வர வேண்டாம்" என்றார். என்னைப் பார்த்து, "நீங்க போயித் தறியப் பாருங்க" என்றார். அவ்வளவுதான். அதட்டக்கூட இல்லை.

அக்கா என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "நீங்களாச்சும் சொல்லிப்போடுங்க சாமி."

நான் எதையும் கண்ணால் பார்க்கவில்லை. ஆனால் ரத்தம் தோய்ந்த நாடாவைக் கழுவி வைத்தது என் கை. அதிகாரி வந்தார், கேட்டார். என் கண் கேமராவுக்குப் போய்த் திரும்பியது. "தெரியலீங்க" என்றேன்.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் அக்கா நின்றிருந்தார். மீதித் துணிமணியை எடுக்க வந்தாராம். கையில் பழைய பை.

"ஆபீசர் வந்தாருங்களா?"

"வந்தாருங்க்கா."

"சொன்னீங்களா, தம்பி?"

"பஸ் வந்துருச்சுங்க்கா, ஏறுங்க."