பாதி வீட்டில் தமிழ் வகுப்பு

எங்கள் வீட்டின் நடுக்கூடத்தைச் சுவர் ஒன்று இரண்டாகப் பிளக்கிறது. மாமியார் மவுத்தாகி அடக்கமும் முடிந்த பிறகு, என் கணவரும் அவருடைய அண்ணனும் ஒரே சமயத்தில் லீவு எடுத்து ஊருக்கு வந்தார்கள். ஜமாஅத்துப் பெரியவர்களை வைத்துப் பேசி வீட்டை நெடுக்காகப் பிரித்துக்கொண்டார்கள். சண்டை சச்சரவு எதுவும் இல்லை. செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைத்து அவசரமாகக் கட்டிய சுவர் அது. கூரை பொதுவானது என்பதால் உத்தரத்துக்கு மேல் கட்டினால் ஓடு விலகி மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும் என்று கொத்தனார் சொல்லிவிட்டார். சுவர் உத்தரத்தோடு நின்றது. அதற்கு மேலே ஓடு வரைக்கும் திறப்புதான். "அடுத்த லீவுல பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு அண்ணன் சவுதிக்கும் தம்பி கத்தாருக்கும் விமானம் ஏறினார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் நானும் மகளும். அந்தப் பக்கம் மச்சானின், அதாவது கணவருடைய அண்ணனின் மனைவி, என் ஓரகத்தி, தன் மூன்று பையன்களோடு. நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன்.

அக்காவுக்கு மெதுவாகப் பேச வராது. மீன்காரரிடம் விலை கேட்டால் தெருமுக்கில் நிற்பவர் பதில் சொல்வார். காலையில் மிக்ஸி ஓடும்போது அதற்கு மேல் குரலை ஏற்றிப் பையன்களை எழுப்புவார். மிக்ஸி நின்ற பிறகும் குரல் இறங்காது. பையன்கள் கூடத்தில் பந்தடிப்பார்கள், பந்து எங்கள் சுவரில்தான் வந்து மோதும். பந்து மோதினால் என் பக்கத்து அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுக்கும். சில சமயம் பந்தே உத்தரத்தைத் தாண்டி எங்கள் சோற்றுத்தட்டுக்குப் பக்கத்தில் வந்து விழும். "சித்தி, பந்து!" என்று மூன்று குரல் கேட்கும். எடுத்து மேலே எறிவேன்.

வேறு வீடு பார்க்கலாமே என்று என் அம்மா கேட்காத நாளில்லை. எங்கள் ஊர் லப்பைக்குடிக்காட்டில் வாடகை வீடு கிடைக்கும்தான். ஆனால் எங்கள் பங்கைப் பூட்டிவிட்டுப் போனால் அந்த ஓட்டுக்கூரையை யார் பார்ப்பது? ஒரு பக்கம் சரிந்தால் மறுபக்கமும் சேர்ந்து சரியும். விற்கலாம் என்றால், உத்தரத்துக்கு மேலே சுவரே இல்லாத பாதி வீட்டை எந்தப் புத்திசாலி வாங்குவான்? இருந்துதான் ஆகவேண்டும். இருப்பது என்று ஆன பிறகு புலம்பிக்கொண்டு இருப்பது எனக்குப் பிடிக்காது. காதுக்குள் பஞ்சை வைத்துக்கொண்டு என் வேலையைப் பார்த்தேன்.

வகுப்பு ஆரம்பித்த பிறகுதான் பஞ்சு உதவாமல் போனது.

நான் பி.ஏ. தமிழ் படித்தவள். என் தோழி ஒருத்தி துபாயில் இருக்கிறாள். அவளுடைய பிள்ளைகளுக்கு அரபும் இங்கிலீஷும் வரும், தமிழில் தங்கள் பெயரை எழுத வராது. "நீ போன்ல சொல்லிக்குடேன்" என்றாள். அவள் பிள்ளைகளில் ஆரம்பித்து, அவர்கள் அடுக்குமாடியில் இருந்த மற்ற பிள்ளைகளும் சேர்ந்து, சீக்கிரமே எனக்கு மாதக் கட்டணத்தோடு ஒரு வகுப்பறை அமைந்துவிட்டது. அங்கே பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து சாப்பிட்டு உட்காரும் நேரம், இங்கே அந்தி மஃரிப் தொழுகை முடிந்திருக்கும். போனைச் சுவரோரம் ஸ்டாண்டில் நிறுத்துவேன். வீட்டில் சிக்னல் ஒழுங்காக எடுப்பது அந்த ஒரு இடத்தில்தான்.

அக்காவுக்கு மச்சானிடமிருந்து போன் வருவதும் அதே நேரம்தான்.

"சாப்டீங்களாஆ? என்ன சாப்டீங்க? என்னது? குப்பூஸ் ரொட்டியா?" என்று அக்கா சுவருக்கு அந்தப் பக்கம் முழங்குவார். நான் இந்தப் பக்கம், "பிள்ளைகளா, 'ழ' சொல்லுங்க பார்ப்போம்" என்பேன். பேச்சு போகப் போக அக்காவின் குரல் கிறீச்சிடும். "நான் ஒண்ணு கேட்டா நீங்க ஒண்ணு சொல்றீங்க! காதுல விழுதா இல்லையா உங்களுக்கு? எத்தனை தடவை கத்துறது?" புருஷன் பெண்டாட்டிச் சண்டை. தினமும் இதுதான். எதற்குத்தான் இப்படிச் சண்டை போடுகிறார்களோ என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு நாள் வகுப்பில் ஒரு சின்னப் பெண் கையைத் தூக்கினாள். "டீச்சர், அந்த ஆன்ட்டி ஏன் அழுறாங்க?"

"அழலம்மா, பேசுறாங்க."

"இல்ல டீச்சர், அழுறாங்க."

அன்றைக்கு இரண்டு தாய்மார்கள் எனக்குச் செய்தி அனுப்பினார்கள். அமைதியான இடத்திலிருந்து வகுப்பெடுக்க முடியாதா என்று மரியாதையாகத்தான் கேட்டிருந்தார்கள். எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. மறுநாள் மளிகைக்கடையில் முட்டை அட்டைகளை வாங்கி வந்து, மகளும் நானுமாகச் சுவர் முழுக்கப் பசை போட்டு ஒட்டினோம். சத்தத்தைக் குடிக்கும் என்று யாரோ வீடியோவில் சொல்லியிருந்தார்கள். அது ஒன்றையும் குடிக்கவில்லை. அட்டைகளுக்குப் பின்னால் பல்லிகள் குடும்பத்தோடு வந்து சேர்ந்தன, அவ்வளவுதான்.

பந்தை எடுக்க ஏணி போட்டு ஏறிய அக்காவின் நடுப்பையன் உத்தரத்துக்கு மேலே தலையை நீட்டி அட்டைகளைப் பார்த்துவிட்டு, இறங்கிப்போய் அம்மாவிடம் சொல்லிவிட்டான்.

"என் கொரலு உள்ள வரக்கூடாதுன்னு முட்டை அட்டை ஒட்டியிருக்காளாமே!" என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டது. என்னிடம் நேராகச் சொல்லவில்லை. பையன்களிடம் சொல்வதுபோல் சொன்னார். அன்று மாலை வகுப்பு நேரத்தில் அம்மியும் உலக்கையும் தவிர மற்ற எல்லாப் பாத்திரமும் அங்கே உருண்டது.

இதற்கு மேல் இழுப்பதில் அர்த்தமில்லை என்று முடிவெடுத்தேன். ஒருவர் மூச்சு விடுவது மற்றவருக்குக் கேட்கும் வீட்டில் பையன்கள் மூலமாகவும் பாத்திரங்கள் மூலமாகவும் பேசிக்கொள்வது கேவலம். மறுநாள் முற்பகல், பையன்கள் பள்ளிக்கூடம் போன பிறகு, தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு தெரு வழியாகச் சுற்றிப் போய் அக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"வா" என்றார். முகத்தில் சிரிப்பில்லை. தண்ணீர் கொடுத்தார்.

"அக்கா, நான் சண்டைக்கு வரலை. அட்டை ஒட்டுனது உங்ககிட்ட சொல்லாம செஞ்சது. அதை விடுங்க. ஆனா எனக்கு அந்த ஒரு மணி நேரம் வேணும். என் பொழப்பு அது. மச்சான்கிட்ட நீங்க சண்டை போடுறதை வேற நேரத்துல வெச்சுக்கக் கூடாதா? இல்லன்னா முன் ரூம்ல இருந்து பேசுங்க. கொல்லையில போய்ப் பேசுங்க."

அக்கா என்னையே பார்த்தார். "சண்டையா?" என்றார். "நான் எப்ப அவருகிட்ட சண்டை போட்டேன்?"

"தினமும்தான் கேக்குதே."

அவர் எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினார். அக்காவுக்குக் குரலைத் தாழ்த்தத் தெரியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. "அவருக்குக் காது கேக்கலடி."

மச்சான் வருஷக்கணக்காகக் கம்ப்ரசர் பக்கத்தில் நின்று வேலை பார்ப்பவர். முதலில் காதுக்குள் வண்டு கத்துவதுபோல இருக்கிறது என்றாராம். பிறகு வலது காது சுத்தமாகப் போய்விட்டது, இடது பாதி. கம்பெனியில் தெரிந்தால் விசா முடித்து அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை. ஷிப்ட் முடிந்து ரூமில் கூட இருப்பவர்கள் மெஸ்ஸுக்குப் போகிற நேரம் பார்த்துத்தான் போன் போடுவார். அதனால் நேரத்தை மாற்ற முடியாது. தெருவில் யாருக்கும் தெரியக்கூடாது என்பதால்தான் அக்கா வீட்டின் உள்ளே, சுவரோரமாக வந்து பேசினார். எழுதி அனுப்பலாம் என்றால் அக்காவுக்கு எழுத்துக்கூட்டத்தான் வரும்.

"முன் ரூம்லயோ கொல்லையிலயோ கத்துனா தெரு முழுக்க கேட்டுடும். இங்கன்னா உனக்கு மட்டும்தான் கேக்கும். நீ நம்ம வூட்டுப் புள்ள. அதான்."

 இத்தனை நாளும் ஒவ்வொரு சொல்லையும் கேட்டிருக்கிறேன், விஷயம் மட்டும் எனக்கு எட்டவில்லை. ஆனால் அங்கே உட்கார்ந்து இரண்டு பேரும் கண்ணீர் விட்டுப் பிரயோஜனமில்லை என்றும் தோன்றியது.

"டாக்டர்கிட்ட காட்டுனாராக்கா?"

"காட்டுனா தெரிஞ்சுபோயிடும்கிறாரு."

"அப்ப இருக்குற பாதியும் போகட்டும்னு இருக்காரா? போனைப் போடுங்க."

"இப்பவா? உனக்கும் அவருக்கும்தான் பேச்சே கெடையாதே."

அது உண்மை. கல்யாணமாகி வந்த நாள் முதல் கணவரின் அண்ணனிடம் நான் நேருக்கு நேர் பேசியதில்லை. ஸலாம் சொல்வதோடு சரி. எங்கள் வீட்டு வழக்கம் அப்படி. ஆனால் அன்றைக்கு வெள்ளிக்கிழமை, அவருக்கு விடுமுறை. அக்கா போனைப் போட்டுக் கொடுத்தார். நான் ஸலாம் சொன்னேன். "யாரு? என்னது?" என்றார் மச்சான். இன்னும் சத்தமாகச் சொன்னேன். கேட்கவில்லை. எழுந்து நின்றேன். வயிற்றிலிருந்து குரலை எடுத்தேன்.

"பெரிய மச்சான்! நான் உங்க தம்பி பொண்டாட்டி பேசுறேன்! உங்க காதை டாக்டர்கிட்ட காட்டுங்க! காதுக்கு மிஷின் வந்துருச்சு! லீவு போட்டு ஊருக்கு வாங்க! வேலை போனாப் போவுது, காது போனா வராது!"

 "சரிம்மா" என்றார் மச்சான். குழந்தை மாதிரி.

வெளியே வந்தபோது எதிர்வீட்டு அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார். "யாருக்கும்மா காது?" என்றார். இரண்டு வீடு தள்ளித் தையல் மிஷின் ஓட்டும் பெண்ணும் எட்டிப் பார்த்தாள். அக்கா எனக்குப் பின்னால் கதவை அறைந்து சாத்தினார். அதற்குப் பிறகு சில நாள் என்னிடம் பேசவே இல்லை. மச்சான் போன் வந்தால் முன் ரூமுக்கு எடுத்துப் போய்விடுவார்; கூடத்தில் மிக்ஸியைத் தவிர வேறு சத்தமில்லை. அந்த நாட்களில் என் வகுப்பு ரொம்ப அமைதியாக நடந்தது. அந்த அமைதி எனக்குச் சகிக்கவில்லை.

ஆனால் நான் கத்தியதற்காக வருத்தப்படவில்லை. இப்போதும் சொல்வேன், கத்தியது சரிதான். தெருவுக்குத் தெரிந்ததால் யாருக்கும் எதுவும் குறைந்துபோகவில்லை. எதிர்வீட்டு அம்மாதான், தன் தம்பிக்கும் அதே கோளாறு என்றும், திருச்சியில் இன்ன டாக்டரிடம் பார்த்தது என்றும் அக்காவிடம் வந்து விவரம் சொன்னார்.

நோன்புக்கு முன்னால் மச்சான் லீவில் வந்தார். திருச்சிக்கு அழைத்துப்போனார்கள். இடது காதுக்கு மிஷின் வைத்தார்கள். அவர் மிஷினோடு வீட்டுக்குள் நுழைந்த அன்று நான் இந்தப் பக்கம் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். அக்கா வழக்கம்போல, "கை கால் கழுவிட்டு வாங்கஅஅ, சோறு வெக்கிறேன்!" என்றார்.

மச்சான் அலறினார். "மெல்லப் பேசு புள்ள! காது கிழியுது!"

"நான் மெல்லத்தான பேசுறேன்!"

"இதுவா மெல்ல? யா அல்லாஹ், இத்தனை வருஷமா இப்படியா பேசிக்கிட்டிருந்தே?"

நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். பிறகு பொத்துவதை விட்டுவிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் சிரிப்பு வந்தது. முதலில் பையன்கள், பிறகு அக்கா.

மச்சான் கம்பெனிக்குத் தானே சொல்லிவிட்டார். அவர்கள் அனுப்பிவிடவில்லை, ஸ்டோரில் போட்டார்கள். சம்பளம் கொஞ்சம் குறைவு, சத்தமில்லாத இடம். போன் வரும் நேரமும் மாறிவிட்டது. ஆனால் அக்கா மாறவில்லை. இத்தனை வருஷப் பழக்கம், சட்டென்று விடுமா? மச்சான் அங்கிருந்து, "கேக்குது, கேக்குது" என்று கெஞ்சுவது எனக்கே கேட்கிறது.

என் வகுப்பில் இப்போது மஸ்கட்டிலிருந்தும் பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள். புதிதாக வரும் தாய்மார்களிடம் முதல் நாளே சொல்லிவிடுகிறேன்: எங்கள் வீட்டில் சத்தம் இருக்கும், பிள்ளைகளுக்குப் பழகிவிடும். சம்மதமென்றால் சேருங்கள். இதுவரை யாரும் விலகிப் போகவில்லை. போன வாரம் "ழ" வராத ஒரு பையனுக்குச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அக்காவே சொல்லிக்கொடுத்தார். "வாழப்பழம்! சொல்லு, வாழப்பழம்! நாக்கை மடக்குடா!"

பையன் ஒழுங்காகச் சொல்லிவிட்டான்.