ஹைவே பேப்பரில் ஒரு பொய்

கனடாவின் ஸ்காபரோவில் கார் ஓட்டப் பழக்குகிற வேலையில் எனக்கு இருபது வருடத்துக்கு மேல். புதிதாக இந்த வேலைக்கு வருகிற தம்பி தங்கைகளுக்கு என் கெட்டித்தனத்தைச் சொல்லப் போவதில்லை. நினைத்தால் இன்றும் வெட்கப்படுகிற ஒன்றைச் சொல்கிறேன்.

தாரணிக்குப் பதினெட்டு வயது, பக்கத்து ஊரான யூனியன்வில் பிள்ளை. ஜி-வண், ஜி-ரூ என்ற முதல் இரண்டு படிகளையும் என்னிடம் பழகித்தான் எடுத்தாள். கடைசிப் படியான முழு ஜி லைசன்ஸுக்கு, ஹைவேயிலும் ஓட்டிக் காட்ட வேண்டிய ரெஸ்ட், அதாவது பரீட்சை. அன்று காலை ரெஸ்ட் நிலையத்துப் பார்க்கிங்கில் என் காருக்குள் இருந்தோம். அவள் கையில் ஹைவே பேப்பர். கடந்த மூன்று மாதத்தில் எத்தனை தரம் ஹைவேயில் ஓடினாய் என்று ஓட்டுபவரே எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். குறைவாக எழுதினால் ரெஸ்டே இல்லை.

"அங்கிள், I've never been on it. அம்மா விடேல்லை."

எங்கள் ஆட்களின் வழக்கமான கூத்து இது. பயத்தில் பிள்ளையை ஹைவேயில் ஏறவே விடமாட்டார்கள், லைசன்ஸ் மட்டும் கெதியாக வேண்டும். நானும் அவள் அம்மாவுக்கு "ஓம் அக்கா, ஓம் அக்கா" என்று தலையாட்டியவன்தான்.

"ஆறெண்டு போடு பிள்ளை. எல்லாரும் அப்பிடித்தான் போடுறவை."

"Are you sure?"

"நான் சொல்லுறன்தானே. போடு."

போட்டாள். பெண் எக்ஸாமினர் ஒருவர் வந்து ஏற, நான் இறங்கினேன். கார் 401 ஹைவே பக்கம் திரும்பியபோதுதான் எனக்கு உறைத்தது. நூறில் ஓடுகிற லொறிகளுக்குள் நாமும் அதே வேகத்தில் நுழைய வேண்டும். தயங்கி நின்றால் தொலைந்தோம். அதை அவளுக்கு நான் ஒரு நாளும் காட்டவில்லை. அறிவு கெட்டவனே என்று என்னையே திட்டினேன்.

அரை மணித்தியாலம் கடந்தது. எங்கோ ஒரு அம்புலன்ஸ் சத்தம். பிள்ளையாரே, பிள்ளை முழுசாக வந்தால் போதும்!

வந்தாள். பெயில்.

"ஹைவேக்கு ஏறுற ராம்ப் முடியிற இடத்தில நிண்டிட்டன் அங்கிள். பின்னால பெரிய லொறி, he was right there. அவ 'Go! Go!' எண்டு கத்தினவ."

"என்னை மன்னிச்சுக்கொள் பிள்ளை."

"பேப்பரைக் காட்டி, ஆர் உப்பிடி எழுதச் சொன்னது எண்டு கேட்டவ. நானாத்தான் எழுதினனான் எண்டு சொன்னன். இல்லாட்டி உங்கட வேலை போயிடுமெல்லே?"

செருப்பால் அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. அவளைக் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போய், எழுதச் சொன்னவன் நான்தான் என்று எக்ஸாமினரிடம் சொன்னேன். பின்னேரம் அவள் அம்மாவிடமும் ஒன்றும் மறைக்கவில்லை. அவர் திட்டித் தீர்த்தார்.

இப்போது எந்தத் தாயாவது பிள்ளைக்கு ஹைவே வேண்டாம் என்றால், "அப்ப வேற ஆளைப் பாருங்கோ அக்கா" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறேன். கோபிக்கிறார்கள். கோபிக்கட்டும். நாம் கூட்டிக்கொண்டு ஏறாத ஹைவேயில் அந்தப் பிள்ளை ஒரு நாள் தனியாக ஏறத்தான் போகிறது.