சிக்னல் கிடைக்கும் மூலை

எங்கள் வீட்டில் இரவு எட்டரை மணிக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள். உடும்பஞ்சோலைப் பக்கத்து ஏலத்தோட்டத் தொழிலாளர் லயங்களில், அந்த வரிசை வீடுகள் எல்லாவற்றிலும், ஏறக்குறைய அதே நேரம்தான். காலையில் ஐந்து மணிக்கு எழுந்து, சோறும் குழம்பும் வைத்து, தூக்குச்சட்டியில் அடைத்துக்கொண்டு, எட்டு மணிக்குள் காட்டில் நிற்க வேண்டும். காடு என்று நாங்கள் சொல்வது ஏலத்தோட்டத்தைத்தான். போதாததற்குக் குளிர் வேறு. எட்டரைக்கு மேல் விழித்திருக்க அங்கே யாருக்கும் ஒரு காரணமும் கிடையாது. எனக்கும் கிடையாது. தூக்கம்தான் வராது.

ஒன்பது வயதில் எனக்குத் தூக்கம் வர ஒரே ஒரு வழிதான் இருந்தது. அம்மாவின் முழங்கையில் தோல் தளர்ந்து கிடக்கும் இடத்தைப் பிடித்து, இரண்டு விரலால் உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். காய் எடுக்கும் மாதங்களில் அந்தத் தோலில்கூடப் பச்சை ஏலக்காய் வாசம் இருக்கும். அப்பா அந்த மாதங்களில் ராத்திரி முழுக்க ஸ்டோரில், காய் உலரும் அடுப்புக்குக் காவல் இருப்பார். ஒற்றை அறையில் நானும் அம்மாவும்தான். சன்னலை ஒட்டிய மூலை என் இடம். எனக்கு இந்தப் பக்கம் சுவர், அந்தப் பக்கம் அம்மாவின் முழங்கை. அரை மணி நேரம் உருட்டினால் எப்படியாவது தூக்கம் வந்து சேரும்.

வராத நாட்களில் கண்ணை மூடிக்கொண்டு நடிப்பேன். அம்மாவிடம் அது செல்லாது. "இவ நெசமா ஒறங்குறாளான்னு இப்பத் தெரிஞ்சிரும். நெசமா ஒறங்குற பிள்ளைக்குக் கால் பெருவிரல் ஆடும்" என்பாள், யாரிடமோ சொல்வதுபோல. நான் உடனே பெருவிரலை ஆட்டிக் காட்டுவேன். உள்ளங்காலில் நறுக்கென்று ஒரு கிள்ளு விழும். ஒரு தடவை ஏமாந்தால் சரி. நான் மூன்று தடவை ஏமாந்தேன். போன தடவை ஆட்டியது போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, மூன்றாம் தடவை இரண்டு காலையும் சேர்த்து ஆட்டினேன். அம்மா சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டுக்காரர்கள் சுவரைத் தட்டினார்கள். அன்று முதல் எனக்குக் கோட்டான் என்று பெயர்.

நான் நான்காம் வகுப்புப் படித்த வருடம், சித்தி தன் மகனை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுக் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். சித்தி அம்மாவின் ஒரே தங்கை. சித்தப்பா அதற்கு முன்பே போடிப் பக்கம் வேறு குடும்பம் தேடிக்கொண்டவர். அவர் பேச்சை வீட்டில் யாரும் எடுப்பதில்லை. தம்பிக்கு ஆறு வயது. வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கமாட்டான் என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். நான் கடிப்பேன் என்று அதற்குப் பொருள் என நான் எடுத்துக்கொண்டேன்.

சித்தி போய்ச் சேர்ந்த நாலாம் நாள் போன் வந்தது. குரலைக் கேட்டதும் தம்பி கத்திய கத்தலில் லயமே வாசலுக்கு வந்துவிட்டது. வாந்தி எடுத்தான், அப்புறம் இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தான். அங்கே சித்தியும் சாப்பிடாமல் கிடக்க, அந்த வீட்டு மேடம் திட்டினாளாம். கொஞ்ச நாளைக்கு தம்பி காதில் சித்தி குரல் விழவே கூடாது என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள். அவன் தூங்கின பிறகு சித்தி கூப்பிடுவாள், முகத்தை மட்டும் பார்த்துக்கொள்வாள் என்று ஏற்பாடு.

மறுநாள் ராத்திரி நான் பாயில் போய் விழுந்தபோது என் மூலையில் தம்பி படுத்திருந்தான்.

"நீ இந்தப் பக்கம் வந்து படு" என்றாள் அம்மா, அலமாரி ஓரத்தைக் காட்டி.

"அது என் எடம்."

"இனி அவன் எடம். சும்மா படு, கோட்டான்."

எங்கள் லயத்தில் போனுக்குச் சிக்னல் கிடைப்பது அந்தச் சன்னல் மூலையில் மட்டும்தான். அடுத்த வீட்டுக்காரர்கள்கூட அவசரம் என்றால் எங்கள் வீட்டுக்குள் வந்து, அந்த மூலையில் ஒற்றைக்காலில் நின்று பேசிவிட்டுப் போவார்கள். எதற்காக அவனை அங்கே படுக்க வைத்தார்கள் என்பது யாருக்கும் விளங்கும். எனக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள விருப்பமும் இல்லை. அம்மா நடுவில் படுத்தாள், அவன் பக்கம் திரும்பிப் படுத்தாள். முழங்கை அவனிடம் போய்விட்டது. எனக்குக் கிடைத்தது முதுகு. முதுகில் உருட்டுவதற்கு என்ன இருக்கிறது?

அவனோ படுத்த உடனே தூங்கிவிடுவான். தலை பாயில் படுவதுதான் தெரியும், கண்ணை மூடிக்கொள்வான், அவ்வளவுதான். அசைவே இருக்காது. அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. காட்டில் காய் எடுக்கும் பெண்களிடமெல்லாம் சொல்லிவிட்டாள். கடைக்குப் போனால், "ஒந்தம்பி படுத்தா ஒறங்கிருவானாமே, நீதான் முழிச்சுக் கெடப்பியாமே" என்று அங்கேயும் கேட்டார்கள். தூங்குவதற்கெல்லாம் ஒரு பிள்ளையைப் பாராட்டுவார்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது. எனக்கு வயிறு எரிந்தது. அவன் படிப்பில் கெட்டிக்காரனாக இருந்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

ஒன்பது மணிக்குப் போன் அதிரும். அங்கே அப்போது சாயங்காலம் ஆறரை. வீட்டுக்காரர்கள் வெளியே போகும் நேரம், சித்திக்குக் கால் மணி நேரம் கிடைக்கும். அம்மா அடுக்களை விளக்கைப் போட்டு, கதவைக் கொஞ்சமாகத் திறந்து வைப்பாள், வெளிச்சம் சரியாகத் தம்பியின் முகத்தில் விழும்.

"ஒறங்கிட்டானாக்கா?"

"எப்பவோ ஒறங்கிட்டான். பாரு."

அம்மா போனை அவன் முகத்துக்கு மேலே பிடிப்பாள். சில நாள் முதலில் சித்தி மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்கும். "முடி வெட்டலையாக்கா", "கன்னத்துல என்ன, கொசுவா" என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். அப்புறம் இருவரும் தணிந்த குரலில் பேசத் தொடங்குவார்கள். ஒரு தடவையாவது அம்மா அந்தப் போனை இந்தப் பக்கம் திருப்பி, "இந்தா, இவளும் இருக்கா" என்று காட்டியது கிடையாது. காட்டினால் உடனே கண்ணை மூடி நானும் அழகாகத் தூங்கியிருப்பேன். பலநாள் அதற்காகத் தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டு தயாராகப் படுத்திருந்தேன்.

இப்படி ஒன்றரை மாதம் போயிருக்கும். ஒருநாள் சித்தி ஏதோ வேடிக்கை சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டு எசமானுக்குச் சர்க்கரை என்று நினைத்து உப்பைப் போட்டு டீ கொடுத்துவிட்டாளாம். அவர் முழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் விருந்தாளி எதிரில் உட்கார்ந்திருந்தாராம். அம்மா புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். நான் அம்மாவின் முதுகுக்கு மேலாக எட்டி, தூங்கும் தம்பியைப் பார்த்தேன். அவன் உதட்டோரம் மெல்ல மேலே ஏறியது. ஏறி, சட்டென்று இறங்கியது.

எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல முடியாது. ஊரே மெச்சிய தூக்கம் பொய். என்னைப் போலவே அவனும் கோட்டான். என்னைவிடப் பெரிய கோட்டான், இத்தனை நாள் அகப்படாத கோட்டான். உடனே சொல்லிவிடாமல் நான் அதை வைத்துக்கொண்டேன். தினமும் கவனித்தேன். சித்தி அழும்போது அவன் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கும். சித்தி அவன் முகத்தைப் பார்க்கும் நேரத்தில் மட்டும் மூச்சைக்கூட அளந்து விடுவான். பேச்சு முடிந்து போன் அணைந்த பிறகுதான் உண்மையாகவே தூங்குவான், வாயைத் திறந்துகொண்டு, குறட்டையோடு. எல்லாவற்றையும் பார்த்தேன். எதற்காக அப்படிக் கிடக்கிறான் என்று மட்டும் ஒரு தடவையும் யோசிக்கவில்லை. நல்ல பிள்ளை என்று பெயர் எடுக்கத்தான், வேறெதற்கு?

அந்தச் சமயத்தில்தான் கம்பளி வந்தது. குவைத்திலிருந்து லீவில் வந்த யாரோ நெடுங்கண்டத்தில் கொடுத்துவிட, அப்பா போய் வாங்கி வந்தார். பெரிய புலி படம் போட்ட, பூனைக்குட்டி போல மெத்தென்ற கம்பளி. ஒன்றுதான். எனக்கு அதோடு ஒரு டப்பா பேரீச்சம்பழம். அன்று ராத்திரி அம்மா புலியை அவன் கழுத்துவரை இழுத்து, நான்கு பக்கமும் சொருகிவிட்டாள். நான் பழைய போர்வைக்குள் கிடந்து, பேரீச்சங்கொட்டையைச் சப்பிக்கொண்டு, ஒன்பது மணி ஆகட்டும் என்று காத்திருந்தேன்.

போன் அதிர்ந்தது. அடுக்களைக் கதவு திறந்தது.

"கம்பளி போத்தியிருக்கானாக்கா?"

"பாரேன். புலி மேல படுத்த ராசா மாதிரி ஒறங்குறான்."

நான் எழுந்து உட்கார்ந்தேன். "சித்தி, தம்பி நெசமா ஒறங்குறானான்னு பாப்பமா?" என்றேன். "நெசமா ஒறங்குற பிள்ளைக்குக் கால் பெருவிரல் ஆடும்."

"ஏய், படுடி" என்றாள் அம்மா.

அதற்குள் நான் கால்மாட்டுக்குப் போய்க் கம்பளியைத் தூக்கிவிட்டேன். இரண்டு சின்னப் பாதங்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் வலது கால் பெருவிரல் மெதுவாக ஆடியது. போதுமா என்று கேட்பதுபோல நின்று, இன்னொரு தடவையும் ஆடியது.

"ஆட்டுறான், ஆட்டுறான்! சித்தி, இவன் ஒறங்கலை. தெனமும் நடிக்கிறான். நீங்க பேசுறது, அழுறது எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் கெடக்குறான்" என்று சொல்லி, அம்மா எனக்குச் செய்வதுபோல உள்ளங்காலில் நறுக்கென்று கிள்ளினேன்.

அவன் கண்ணைத் திறந்துவிட்டான். போன் நேர் மேலே இருந்தது. அவன் சித்தியைப் பார்த்தான், சித்தி அவனைப் பார்த்தாள். அம்மாவுக்குப் போனை விலக்கவும் தோன்றவில்லை, வைத்திருக்கவும் தெரியவில்லை. இப்போது கத்துவான், வாந்தி எடுப்பான் என்று நான் எதிர்பார்த்தேன். உண்மையைச் சொன்னால் ஆசையாக எதிர்பார்த்தேன்.

அவன் கத்தவில்லை. கண்ணை மறுபடியும் இறுக்க மூடிக்கொண்டான்.

"நான் ஒறங்கிட்டேம்மா" என்றான். "ஒறங்கிட்டுத்தான் இருக்கேன். நீ பெரியம்மாகிட்டப் பேசு."

எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "ஒறங்குறவன் பேசுவானா? மடையன்!" என்று கைதட்டிச் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. போனில் சித்தியின் முகம் போய், ஒரு வெள்ளைச் சுவர் தெரிந்தது. சுவர் கொஞ்ச நேரம் ஆடியது. அப்புறம் அதுவும் அணைந்துவிட்டது. அம்மா என்னை அடிப்பாள் என்று தோளைக் குறுக்கினேன். அடிக்கவில்லை. அடுக்களைக் கதவைச் சாத்திவிட்டு, இருட்டில் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் இருவரையும் பேச வைத்துப் பார்த்தார்கள். அது நன்றாக நடக்கவில்லை. இவன் ஒரு வார்த்தை பேசினால் அங்கே சித்தி விசும்பினாள், சித்தி ஒரு வார்த்தை பேசினால் இவன் நெளிந்தான். "அவன் முழிச்சுக் கெடந்து என்னப் பாக்குறான்னு தெரிஞ்சா எனக்கு இங்க கை ஓடாதுக்கா. ரெண்டு வருசம் ஓட்டணும்ல" என்றாள் சித்தி. அதோடு வீட்டுக்குள் போன் பேசுவது நின்றது. ஒன்பது மணி ஆனால் அம்மா குடையும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு, லயத்துக்கு மேலே ரோட்டு வளைவுக்கு ஏறிப் போவாள். அங்கேயும் சிக்னல் கிடைக்கும், காற்று மட்டும் ஆளைத் தள்ளும். கால் மணி நேரம் பேசிவிட்டு, நனைந்த சேலையோடு இறங்கி வருவாள்.

ராத்திரியில் அந்த மூலைச் சிக்னல் இனி எங்களுக்குத் தேவைப்படவில்லை. என் இடம் எனக்குத் திரும்பி வந்தது. தம்பியே தன் தலையணையை எடுத்துக்கொண்டு அலமாரி ஓரத்துக்குப் போனான். புலிக் கம்பளியையும் என் பக்கம் தள்ளிவிட்டான். "நீ போத்திக்க" என்றான். நான் ஒரு பேச்சுக்குக்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. அவன் இப்போது படுத்த உடனே கண்ணை மூடுவதில்லை. வாசல் கதவைப் பார்த்தபடி, கண்ணை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு கிடப்பான். அம்மா ரோட்டிலிருந்து வந்து கதவைத் தள்ளும்போதும் அப்படியேதான் கிடப்பானாம். ஒன்றும் கேட்கமாட்டானாம். அம்மா காட்டில் பெண்களிடம் சொன்னதை வைத்துத்தான் எனக்குத் தெரியும். என் கண்ணால் நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

பார்க்க விழித்திருந்தால்தானே? அந்தக் காய் எடுப்பு முடியும்வரை, எட்டரைக்கு விளக்கை அணைத்தால் எட்டு முப்பத்தைந்துக்கெல்லாம் நான் தூங்கிவிட்டேன். அம்மாவின் முழங்கைகூடத் தேவைப்படவில்லை. கோட்டானுக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்று அப்பா சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.